நான் திருத்திய இருபது தாள்கள்

நான் பேப்பர் திருத்தினால் ஒரு மார்க் கூட இப்படி அப்படி ஆகாது, மேடம். பிளஸ் டூ படிக்கும்போதே கீழ் வகுப்புப் பிள்ளைகளின் பரீட்சைத் தாள்களை எங்கள் இங்கிலீஷ் டீச்சர் என்னிடம்தான் கட்டாகத் தூக்கிக் கொடுப்பார். நான் கூட்டிப் போட்டுக் கொடுத்தால் மறுபடி பார்க்கவே மாட்டார். சிவப்புப் பேனாவைக் கையில் எடுத்தால் எனக்கு மனசு தானாக நிதானத்துக்கு வந்துவிடும். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், வெண்மதியின் தாள்களை நான் திருத்தியதில் இருக்கிற தவறுகளைக் கவனக்குறைவு என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது.

வெண்மதி என் நாத்தனார். என் வீட்டுக்காரர் அரிகிருஷ்ணனுக்கு ஒரே தங்கை. நான் கல்யாணமாகிச் செஞ்சி பக்கத்துச் சிங்கவரம் வந்தபோது ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள். மாமியார் அதற்கு முந்தின வருஷமே போய்விட்டார். அவளுக்குத் தலை பின்னியதும், அவள் பெரிய மனுஷியானபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும் நான்தான். அவள் செத்ததற்கு அவள் புருஷன் அன்புமணியைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். சரிதான், கழுத்தை நெரித்தது அவன் கைதான். ஆனால் அன்று காலை அவள் என்னிடம் பதினோரு நிமிஷம் போனில் பேசியிருக்கிறாளே, என்ன பேசினாள் என்று கேட்டீர்கள். அதைச் சொல்ல வேண்டுமானால் தேர்விலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

பிளஸ் டூ முடித்ததும் வெண்மதி சட்டம் படிக்கப் போகிறேன் என்றாள். நாடு முழுக்கப் பிள்ளைகள் எழுதுகிற நுழைவுத் தேர்வு எழுதி, பெரிய சட்டப் பல்கலைக்கழகத்தில் சேர வேண்டுமாம். என் மாமனார் தாண்டவராயன் கடலைக்காட்டிலிருந்து வந்து, கை கால் கழுவிவிட்டு, அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"ஒரு தபா எழுது. மார்க் வந்தா போ, நான் தடுக்கல. வரலன்னா வைகாசிக்குள்ள கல்யாணம். அப்பறம் அழுவக் கூடாது," என்றார்.

"சரி நைனா," என்றாள். அவளுக்குத் தன் மூளைமேல் அவ்வளவு நம்பிக்கை.

பயிற்சிப் புத்தகங்கள் தபாலில் வந்தன. இருபது மாதிரித் தேர்வுகள், தனியாக ஒரு விடைப் புத்தகம். தேர்வுக்கு நூற்றிருபது கேள்வி, இரண்டு மணி நேரம். தப்பான விடைக்குக் கால் மார்க் பிடித்துக்கொள்வார்கள். "விடப் பொஸ்தகம் மருமவகிட்ட இருக்கட்டும். புள்ள பாத்து எழுதிட்டா நமக்கு எப்டித் தெரியும்?" என்றார் மாமனார். அந்த வீட்டில் இங்கிலீஷ் சரளமாகப் படிக்கத் தெரிந்த இன்னொரு ஆள் நான்தானே. விடைப் புத்தகத்தை என் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். ஞாயிற்றுக்கிழமை காலை அவள் எழுதுவாள். மத்தியானம் நான் திருத்துவேன். சாயங்காலம் மார்க்கைக் காலண்டரில் அந்தத் தேதிக்குக் கீழே எழுதிவிடுவேன். மாமனார் காட்டிலிருந்து வந்ததும் முதலில் காலண்டரைத்தான் பார்ப்பார்.

முதல் தாளில் அறுபத்தொன்பது. இரண்டாவதில் எழுபத்தாறு. இரண்டும் உள்ளபடி எழுதியவை.

மூன்றாவது ஞாயிறு எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். வெண்மதி அண்ணனிடம், "நான் வக்கீலாயிட்டா அண்ணிதான் எனக்கு குமாஸ்தா. அவங்க கையெழுத்துக்கு ஜட்ஜே மயங்கிடுவாரு," என்றாள். என் வீட்டுக்காரர் பொரை ஏறச் சிரித்தார். மாமனாரும் சிரித்தார். நானும்தான் சிரித்தேன். ஆசையாகச் சொன்னாள், அதில் கள்ளம் இல்லை.

உங்களுக்குத் தெரியாது, எனக்கும் சட்டம் படிக்க இடம் கிடைத்தது. விழுப்புரத்தில். பி.ஏ. முடித்த வருஷம். அதற்குள் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. "கல்யாணம் ஆயி இன்னா, போயிட்டு வரட்டுமே" என்று பெண் பார்க்க வந்த அன்று இதே மாமனார்தான் சொன்னார். அப்புறம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. அன்று மத்தியானம் மட்டும் கொஞ்சம் வயிறு எரிந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் அதற்காகத்தான் செய்தேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள்.

அன்றைய தாளில் அவளுக்கு எண்பத்து நான்கு. எண்பதைத் தாண்டினால் நல்ல இடம் கிடைக்கும் என்று புத்தகத்தின் பின்னட்டையிலேயே போட்டிருந்தார்கள். இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டு, காலண்டரில் அறுபத்தொன்றரை என்று எழுதினேன்.

நான் நினைத்தது இதுதான். மூன்றாவது தாளிலேயே எண்பத்து நான்கு என்றால் பிள்ளைக்குத் தலைக்கனம் ஏறிவிடும். கொஞ்சம் குறைத்துச் சொன்னால் இன்னும் ஊன்றிப் படிப்பாள். டவுனில் கோச்சிங் வைத்திருப்பவர்கள் எல்லாரும் செய்கிற காரியம்தான் இது. ஆனால் அவள் சும்மா இருக்கவில்லை. தாளைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கே வந்துவிட்டாள்.

"எது தப்பு அண்ணி? காட்டுங்க, நான் பாக்கணும்."

அப்படிக் கேட்டால் காட்டித்தானே ஆக வேண்டும். சரியான விடைகளில் பதினெட்டைத் தேர்ந்தெடுத்து சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டேன். போட்டால் போதாது, ஏன் தப்பு என்று சொல்ல வேண்டும். ஒரு கேள்வி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஒருத்தனை மிரட்டி ஒரு பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள், அது அவனைக் கட்டுப்படுத்துமா என்று கேட்டிருந்தார்கள். பயந்துபோய்க் கொடுத்த சம்மதம் சம்மதமே ஆகாது, கட்டுப்படுத்தாது என்று போட்டிருந்தாள். விடைப் புத்தகத்திலும் அதுதான். நான் பக்கத்தில் உட்காரவைத்து, "கையெழுத்துப் போட்டாச்சா இல்லியா? போட்டாச்சுன்னா கட்டுப்பட்டுத்தான் ஆவணும். நீ உன் மனசுல தோணுறத எழுதுற, சட்டத்த எழுதல," என்றேன். முதலில் வாதாடினாள். பத்து நிமிஷம் வாதாடினாள். அப்புறம் அடங்கிவிட்டாள். விடைப் புத்தகம் என்னிடம்தானே இருந்தது.

நான் நன்றாகச் சொல்லிக்கொடுப்பேன், மேடம். பொய்யான விடைக்குக் காரணம் கண்டுபிடிப்பது சுலபமான வேலை என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து யோசிப்பேன். எந்தக் கேள்வியில் அவளுக்கு நிச்சயம் அதிகமோ, அந்தக் கேள்வியைத்தான் எடுப்பேன். தடுமாறிய இடங்களைத் தொட மாட்டேன். பதில் போட்டு, அழுத்தி வட்டம் போட்டிருப்பாள் பாருங்கள், அதில்தான் கை வைப்பேன். கல்யாணமாகி எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு என் மூளைக்கு அப்போதுதான் வேலை வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குப் பிடித்திருந்தன.

செப்டம்பரில் அவள் எழுதும் விதம் மாறியது. முதலில் பென்சிலால் மெல்ல ஒரு டிக் போடுவாள். அப்புறம் யோசித்து, அதை அழித்துவிட்டு வேறொன்றைப் போடுவாள். "எனக்கு மொதல்ல எது சரின்னு தோணுதோ அது தப்பாதான் இருக்குது அண்ணி. அதான் அத வுட்டுட்டு வேற பாக்குறேன்," என்றாள். நான் தலையில் தடவிக் கொடுத்தேன்.

அதன் பிறகு நான் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. கடைசி ஆறு தாள்களுக்கும் காலண்டரில் இருக்கிற மார்க் அத்தனையும் உண்மை. ஐம்பத்திரண்டு, நாற்பத்தொன்பது, நாற்பத்தாறு என்று போகும். வேண்டுமானால் தாள்களை எடுத்துச் சரிபாருங்கள், கால் மார்க் பிசகாது.

டிசம்பரில் அண்ணன்கூட சென்னைக்குப் போய் எழுதிவிட்டு வந்தாள். கேள்வித்தாளைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். விடைகள் வெளியான அன்று அதை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன். அவள் கடைசியாகக் கொடுத்த விடைகளுக்கு நாற்பத்தேழு. அழித்த பென்சில் டிக்குகள் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் தெரிந்தன. அவற்றைத் தனியாகக் கூட்டினேன். தொண்ணூற்றொன்று. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கேள்வித்தாள் வெந்நீர் அடுப்பில் போய்விட்டது.

ரிசல்ட் வந்ததும் மாமனார் திட்டவில்லை. "போவட்டும் வுடு," என்று மட்டும் சொன்னார். தை மாசமே மேல்மலையனூர்ப் பக்கமிருந்து அன்புமணி வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். கோயில் பக்கத்தில் கடை, சொந்த வீடு, ஒரே பையன். அவர்கள் போன பிறகு வெண்மதி என்னைத் தோட்டத்துப் பக்கம் கூப்பிட்டாள்.

"அண்ணி, அவரு எழுந்திரிச்சப்பல்லாம் அவங்க அம்மா ஒரு அடி பின்னால போனாங்க. பாத்தீங்களா? தண்ணி கேட்டப்பகூட கை நடுங்குச்சி. பெத்த அம்மாவே பயப்புடுறாங்கன்னா எனக்கு இன்னாவோ சரியா படல," என்றாள். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவளே, "எனக்குப் பட்டது என்னிக்கி சரியா இருந்துது?" என்று சிரித்தாள்.

நானும் அதைப் பார்த்திருந்தேன். "அது மரியாத டீ. வயசான காலத்துல கை நடுங்காதா?" என்றேன். அவள் சம்மதித்துவிட்டாள். மாசியில் கல்யாணம்.

இப்போது போனுக்கு வருகிறேன். அன்று அமாவாசை, மேல்மலையனூர்க் கோயிலில் கூட்டம் நெரியும் நாள். காலையில் பத்தரை மணிக்கு மேல் இருக்கும். நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"அண்ணி, அவரு கடையில இருக்காரு. அத்த கோயிலுக்குப் போயிட்டாங்க. செஞ்சிக்கு ஸ்பெஷல் பஸ் வந்துக்கினே இருக்குது, கும்பலோட கும்பலா ஏறிட்டா யாருக்கும் தெரியாது. நேத்து கழுத்தப் புடிச்சிட்டாரு அண்ணி. போன வாரம் கைய முறுக்குனாரு, அதுக்கு முந்தி அறைஞ்சாரு. ஒவ்வொரு தபாவும் கூடிக்கினே போவுது. அடுத்த தபா வுட மாட்டாருன்னு தோணுது. வந்துடட்டுமா?"

நான் கையிலிருந்த கீரைக் காம்பை உருவி முடித்தேன். அவளே கேட்டாள். "இல்ல, நான்தான் தப்பா யோசிக்கிறனா? நீங்க சொல்லுங்க அண்ணி. நீங்க சொல்றதக் கேக்குறேன்."

அவள் கணக்கு சரி, மேடம். அறை, முறுக்கு, கழுத்து, அடுத்தது என்ன என்று யாருக்குத்தான் தெரியாது. கேட்ட உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. வந்தால் என்ன ஆகும் என்றும் யோசித்தேன். மாமனார் அழுவார், உள்ளே சேர்த்துக்கொள்வார். இரண்டு நாள் கழித்து அவள் மெல்லப் புத்தகத்தை எடுப்பாள். அடுத்த டிசம்பருக்கு இன்னும் ஏழு மாசம் இருந்தது. இந்தத் தடவை வேறு யாராவது திருத்துவார்கள்.

"நீ எப்பவுமே ஒண்ணு ஜாஸ்தியாதான் யோசிப்ப. புருஷன் பொண்டாட்டின்னா அப்படித்தான் இருக்கும். இந்நேரத்துக்கு ஓடி வந்தா நைனா மானம் போயிடும். இருந்து பாரு," என்றேன்.

"சரி அண்ணி," என்றாள். மீதி நேரம் முழுக்க கீரைக்கூட்டுக்கு என்ன பருப்பு போடுவது என்று கேட்டாள். பாசிப்பருப்பு என்றேன். அன்று சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவன் கடையிலிருந்து வந்திருக்கிறான். மற்றது உங்களுக்கே தெரியும்.

நான் சொன்னது எதையும் மறுக்கவில்லை. அவள் வர வேண்டியவள், இருக்கச் சொன்னது நான், இருந்தால் செத்துவிடுவாள் என்று தெரிந்தே சொன்னேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும், மேடம். வாசல் திறந்திருந்தது, பஸ் நின்றிருந்தது, யாரும் பிடித்து வைக்கவில்லை. அவ்வளவு படித்த பெண்ணுக்குச் சொந்தமாக ஒரு முடிவு எடுக்கத் தெரியாமல் போய்விட்டதே என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.