ஜெட்டை ஒரு படி இறக்கியது குறித்து

என் பெயர் காவல் நிலையப் பதிவில் உள்ளபடி. பட்டறைப் பக்கம் வந்து அந்தப் பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது, 'ஊசி' என்று கேட்டால்தான் கை காட்டுவார்கள். கார்புரேட்டரின் ஊசியை ஏற்றி இறக்கியே வயிறு வளர்ப்பதால் வந்த பெயர். வயது நாற்பத்து மூன்று. மரக்கடைக்கு எதிர்ச் சந்தில் கடைசிக் கட்டடத்தில் கீழே பட்டறையும் மேலே வீடும் வைத்திருக்கிறேன். வீட்டில் நான், என் மனைவி, மனைவியின் தம்பி, அவர்களுடைய அப்பாவான என் மாமனார் ஆகியோர் இருக்கிறோம். வீட்டோடு மாப்பிள்ளை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், எங்களிடம் இருப்பது வீட்டோடு மாமனார். அவர் ஆயுசு முழுக்க லாரி ஓட்டியவர். இப்போது என் மேல் புகார் கொடுத்திருப்பவரும் அவரே.

என் மைத்துனன் ஸ்கூட்டர் பந்தயத்தில் ஓடுபவன். வண்டியின் மேல் ஒட்டிக்கொண்டு படுத்து ஓட்டுவதால் அவனைப் பல்லி என்பார்கள். பழைய டூ ஸ்ட்ரோக் ஸ்கூட்டர் ஒன்றை அவனுக்காக நான்தான் பந்தயத்துக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுத்தேன். சிலிண்டரின் வழிகளைப் பெரிதாக்கி, பெரிய கார்புரேட்டர் போட்டு, சைலன்சரை மாற்றினேன். பந்தயம் நடந்தது மூடிக் கிடக்கும் கிடங்கு ஒன்றின் சிமெண்டு மைதானத்தில். கிளப்காரர்கள் முறைப்படி அனுமதி வாங்கியிருந்தார்கள். பொது ரோட்டில் அந்த வண்டியை நான் ஓட்டியதும் இல்லை, ஓட்ட விட்டதும் இல்லை.

பந்தயத்துக்கு முந்தின நாள் காலை அதே மைதானத்தில் கார்புரேட்டரை டியூன் செய்தோம். ஜெட் என்பது நடுவில் ஊசி முனையளவு ஓட்டை உள்ள ஒரு பித்தளைத் திருகு. அந்த ஓட்டை வழியாகத்தான் எஞ்சினுக்குப் பெட்ரோல் போகும். ஓட்டை பெரிதாக இருந்தால் வண்டி இருமும், மந்தமாக ஓடும், ஆனால் எஞ்சினுக்கு ஆபத்தில்லை. சிறிதாக்கச் சிறிதாக்க வேகம் கூடும், கூடவே சூடும் ஏறும். பெட்ரோல்தான் எஞ்சினைக் குளிரவும் வைக்கிறது. ஒரு அளவுக்குக் கீழே போனால் பிஸ்டன் விரிந்து சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும், ஓடுகிற ஓட்டத்தில் பின்சக்கரம் நின்றுவிடும். அதனால் பெரிய ஜெட்டில் தொடங்கி ஒவ்வொரு படியாக இறக்குவது என் வழக்கம். ஒவ்வொரு படிக்கும் வண்டியை முழு வேகத்தில் ஓட்டி, அந்த வேகத்திலேயே எஞ்சினை அணைத்து, கிளட்சைப் பிடித்து நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பார்ப்போம். பிளக் கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம், பழுப்பாக இருந்தால் சரி, வெளுத்திருந்தால் வண்டியை அதற்கு மேல் தொடக்கூடாது.

அன்று அப்படி இறக்கிப் பிளக் பழுப்பாக வந்ததும் நான் ஸ்பேனரைக் கீழே வைத்தேன். பல்லி விடவில்லை. "மச்சான், கடைசியில இன்னும் லேசா இருமுது. ஒரு படி இறக்குங்க" என்றான். "ஆசைக்கும் ஒரு அளவு இருக்குடா" என்றேன். "போன தடவை அரைச் சக்கரத்துல தோத்தேன் மச்சான், உங்களுக்கே தெரியும்" என்றான். எனக்குத் தெரியும், எனக்கும் அது உறுத்திக்கொண்டுதான் இருந்தது. ஒரு படி இறக்கினேன். திரும்ப ஓட்டிப் பிளக்கைப் பார்த்தபோது வெளிர் பழுப்பாக இருந்தது. வெளுக்கவில்லை. ஆனால் அதற்குக் கீழே இடம் இல்லை என்பது எனக்குத் தெரியும். வாடிக்கையாளர் வண்டியாக இருந்தால் அந்த அளவில் விட்டிருக்கமாட்டேன். இடது கையின் இரண்டு விரல் எப்போதும் கிளட்ச் மேல் இருக்க வேண்டும், எஞ்சின் குரல் மாறினால் யோசிக்காமல் பிடி என்று அவனிடம் சொன்னேன். "சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லாதீங்க" என்று சிரித்தான்.

அங்கே என் மாமனாரும் வந்திருந்தார். மகன் முழு வேகத்தில் போய் எஞ்சினை அணைக்கும் ஒவ்வொரு முறையும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் எண்ணெயைப் பெட்ரோலோடு கலந்துதான் டேங்கில் ஊற்ற வேண்டும். நான் கலந்து வைத்திருந்ததைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, இது தண்ணி மாதிரி இருக்கே. எண்ணெய்தான் எஞ்சினுக்கு ரத்தம்" என்றார். "போதும் மாமா, இது லாரி இல்ல" என்றேன். "லாரியோ ஸ்கூட்டரோ, இரும்பு இரும்புதான்" என்றார். நான் ஸ்பேனர்களைப் பெட்டியில் எடுத்து வைத்தேன். அவரோடு எண்ணெயைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அன்றைய பொழுது போய்விடும். அன்று அந்தப் பொழுதைக் கொடுத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. இதையும் எழுதிக்கொள்ளும்படி சொன்னேன்.

மறுநாள் காலை பட்டறையில் பெட்ரோலைக் கலந்து டேங்கில் ஊற்றிவிட்டு, குளிப்பதற்காக மாடிக்குப் போனேன். பல்லி அப்போது மேலே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கீழே மாமனார் மட்டும் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மகன் பந்தயத்துக்குக் கிளம்பும்போதெல்லாம் அவர்தான் துடைப்பார். வேறு யாரையும் தொட விடமாட்டார்.

அதன் பிறகு வண்டியை மினி வேனில் ஏற்றி மைதானத்துக்குக் கொண்டு போனோம். கிளப்பியதும் புகை வழக்கத்தைவிட அடர்த்தியாக வந்தது. எஞ்சின் இன்னும் சூடாகவில்லை, அதனால்தான் என்று நினைத்தேன். பிளக்கைத் திரும்பக் கழற்றிப் பார்க்கவில்லை. பல்லி இரண்டாவதாகக் கிளம்பி, முதல் வளைவுக்குள்ளேயே முன்னால் போய்விட்டான். மாமனார் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். நீண்ட நேர்ப்பாதையில் அவன் வந்துகொண்டிருந்தபோது எஞ்சினின் குரல் சட்டென்று மெலிந்து உயர்ந்தது. நான் "கிளட்ச்" என்று கத்தினேன். அவ்வளவு தூரத்தில் அது அவனுக்குக் கேட்க வழியில்லை. பின்சக்கரம் நின்று, வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய், ஓரத்தில் அடுக்கியிருந்த டயர்களில் மோதியது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்பார்கள். எனக்குக் கால் ஓடியது. மாமனார் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

மருத்துவமனையில் தலையில் அடி என்று சொல்லி உள்ளே கொண்டு போனார்கள். இடது கையில் இரண்டு விரல்கள் உடைந்திருப்பதாக நர்ஸ் சொன்னார். எந்த விரல்கள் என்று கேட்டேன். ஆள்காட்டி விரலும் நடு விரலும் என்றார். கிளட்ச் மேல் வைக்கச் சொன்ன விரல்கள் அவை. அவன் பிடித்திருக்கிறான். உயிரோடு வந்து சேர்ந்ததற்கு அதுதான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

அதன் பிறகு என் மனைவி வந்தாள். மாமனார் வராந்தாவில் எல்லாரும் கேட்கும்படி என்னைப் பார்த்து, "நான் தனியா அவ்வளவு எண்ணெய் ஊத்தி அனுப்பினேன். அப்படியும் எஞ்சின் பிடிச்சிருக்குன்னா, நீ அந்த ஜெட்டுல என்னடா பண்ணி வச்ச?" என்று கேட்டார். கல்யாணம் ஆன நாள் முதல் அவர் என்னை நீ என்று சொன்னதில்லை. அன்று டா போட்டுச் சொன்னார், கொலைகாரன் என்றும் சொன்னார். எனக்கு அதெல்லாம் பிறகுதான் உறைத்தது. அவர் எண்ணெய் என்று சொன்ன உடனே நடந்தது என்ன என்று விளங்கிவிட்டது. அங்கிருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் விளங்கியது. தலையில் கல்லைப் போட்டது போல இருந்தது. நான் பேசாமல் நின்றதைப் பார்த்து என் மனைவி பக்கத்தில் வந்து, "நிஜமா நீங்கதானா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

இன்று காலை காவல் நிலைய முற்றத்தில் ஆய்வாளர் முன்னிலையில் எஞ்சினை நானே பிரித்துக் காட்டினேன். பிஸ்டன் சிலிண்டரில் ஒட்டியிருந்தது. பிளக் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. ஜெட் நான் போட்டதுதான், மாறவில்லை. எந்த இணைப்பிலும் காற்று உள்ளே கசிந்த அடையாளம் இல்லை. டேங்கில் மிச்சமிருந்த பெட்ரோலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் வடித்தோம். நான் கலந்தது வெளிர் சிவப்பாக இருக்கும். பாட்டிலில் இருந்தது கருஞ்சிவப்பு. ஆய்வாளர் புகார் மனுவைப் பார்த்துவிட்டு, "அவரே கூடுதலா எண்ணெய் ஊத்தினதா எழுதியிருக்கார். அது நல்லதுதானே?" என்று கேட்டார். நான் "நல்லதுதான்" என்றேன். ஏட்டு அதை எழுதினார். அப்படியென்றால் தப்பு முழுக்க ஜெட்டில்தான் என்று ஆகிறதே, பட்டறைக்குச் சீல் வைக்க வேண்டியிருக்கும், உங்களையும் வீட்டுக்கு அனுப்ப முடியாது என்று ஆய்வாளர் சொன்னார். சரி என்றேன்.

அதன் பிறகு ஜன்னல் வழியாகப் பார்த்தபோது மாமனார் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மருத்துவமனையில் கழற்றிக் கொடுத்த மகனின் ஷூக்களை ஒரு பையில் போட்டு மடியில் வைத்திருந்தார். ஒரு ஷூவை எடுத்து அதில் படிந்திருந்த சிமெண்டுத் தூசியைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுத வேண்டாம். ஆனால் துடைக்கிற அந்தக் கையைப் பார்த்ததும் வேறொன்று பயமாக வந்தது. இன்னும் மயக்கத்தில் கிடக்கும் பல்லி கண் திறப்பான். திறந்தால் மறுபடியும் வண்டி எடுப்பான், யார் சொன்னாலும் கேட்கமாட்டான். அப்போதும் கிளம்புகிற அன்றைக்கு வண்டியைத் துடைப்பது இவராகத்தான் இருக்கும். போன தடவை ஊற்றியது போதவில்லை என்று இன்னும் கூடுதலாக ஊற்றுவார். அந்த நேரத்தில் நான் எங்கே இருப்பேனோ தெரியாது.

ஆகவே அவருக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்து 'நல்லதுதான்' என நான் சொன்னதை அடிக்கும்படி கேட்டேன். உண்மை என்னவென்றால், ஜெட்டில் ஓட்டை ஒன்றுதான். எண்ணெயும் பெட்ரோலும் சேர்ந்து அதன் வழியாகத்தான் போக வேண்டும். எண்ணெய் கூடினால் அந்த அளவுக்குப் பெட்ரோல் குறையும். கலவை கெட்டியாவதால் போவதும் மெதுவாகும். பெட்ரோல் குறைந்தால் சூடு ஏறும். ஜெட்டை ஒரு படி இறக்கியதற்குச் சமமான வேலையை அந்த எண்ணெய் செய்துவிட்டது. நான் ஏற்கெனவே ஓரத்தில் நிறுத்தி வைத்திருந்தேன், அது தள்ளிவிட்டது. "அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சுங்கற மாதிரியா?" என்று ஆய்வாளர் கேட்டார். ஆமாம் என்றேன். இது நிறையப் பேருக்குத் தெரியாது. எண்ணெய் கூடினால் பாதுகாப்பு என்று மெக்கானிக்குகளே நினைப்பதுண்டு. அவர் மகனைக் காப்பாற்ற நினைத்து ஊற்றினார், இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. நான் வழக்கம்போல ஒரு படி விட்டு வைத்திருந்தால் அவர் ஊற்றிய எண்ணெய் புகையோடு போயிருக்கும். அதனால் என் பங்கும் அவர் பங்கும் இதில் சேர்ந்தே இருக்கின்றன. பிரித்துக் காட்டச் சொன்னால் எனக்குத் தெரியாது.

இதை அவரிடம் யாரும் சொல்ல வேண்டாம், பையன் கண் திறந்த பிறகு நானே சொல்கிறேன், என் மனைவிக்கும் நானே சொல்கிறேன் என்று ஆய்வாளரிடம் கேட்டுக்கொண்டேன். விசாரணையில் அப்படி உறுதி கொடுக்க முடியாது என்றார். முடிந்தவரைக்கும் என்றேன். பார்க்கலாம் என்றார்.

மேலே ஒரு வரி அடிக்கப்பட்டிருக்கிறது, பக்கத்தில் உள்ள சுருக்கொப்பம் என்னுடையது. ஏட்டு முழுவதையும் எனக்கு வாசித்துக் காட்டினார். வாசிக்கத் தொடங்கும் முன் கதவைச் சாத்தும்படி கேட்டேன், பெஞ்ச் பக்கத்தில்தான் இருக்கிறது. சாத்தினார்கள். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நானாகச் சொன்னது இது. இதில் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. அனைத்தும் உண்மை.

(கையொப்பம்)