ஜெர்சனுக்காகக் கேட்ட அடையாளம்

கடற்கரைக்குப் புளிசாதம் சரிப்படாது, மேடம். மணல் விழுந்தால் பிரித்தெடுக்க முடியாது. அதனால் அன்றைக்கு நான் இட்லிதான் எடுத்துப் போனேன். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி, வாழையிலையில் ஐந்தைந்தாகக் கட்டியிருந்தேன். ரேஷ்மாவுக்குக் காரம் ஆகாது என்று அவளுக்கு மட்டும் சர்க்கரை தூவித் தனிப் பொட்டலம்.

உங்கள் எஸ்.ஐ. நேற்று என்னைக் கல்நெஞ்சக்காரன் என்றார். கல்நெஞ்சக்காரன் தனிப் பொட்டலம் கட்டமாட்டான். அதற்காகத்தான் இதை முதலில் சொன்னேன்.

என் பெயர் ஏசுபாதம். வயது நாற்பத்தாறு. வீடு இரும்புலியூரில். ஒரு பள்ளிக்கூடத்தில் லேப் அட்டெண்டராக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சபைப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். பெரிய தர்மங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. பஸ்ஸில் எழுந்து இடம் விடுவது, தாகமாக இருப்பவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பது, இந்த மாதிரிச் சின்னத் தயவில்தான் மனுஷன் தெரிவான் என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். இருபது வருஷமாக இதையேதான் சொல்கிறேன்.

ஜான்சி என் தங்கை. அவளுக்குப் பதினொரு வயதில் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். நான்தான் வளர்த்தேன். அவளுக்காக நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஜெர்சன் அவள் கணவன், ஏசி மெக்கானிக். ரேஷ்மா அவர்கள் மகள், ஏழு வயது. முடிச்சூரில் வாடகைக்கு இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஜான்சி என் வீட்டுக்கு வந்து சமைத்துப் போடுவாள். கல்யாணத்துக்குப் பிறகும் ஒரு ஞாயிறு தவறியதில்லை.

போன மாதம் ஜெர்சனுக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு போகிறோம் என்றான். ஓசூர் என்பது ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டுத் திரும்புகிற தூரம் இல்லை.

அவன் குடிகாரன், மேடம். நான்கு வருஷத்துக்கு முன்னால் குடித்துவிட்டு ஜான்சியைக் கன்னத்தில் அறைந்திருக்கிறான். அடுத்த நாளே என் வீட்டுக்கு வந்து, வாசலில் நின்று அழுதான். அன்றிலிருந்து தொடவில்லை என்று அவளும் சொல்கிறாள், அவனும் சொன்னான். இருக்கலாம். ஆனால் ஒரு தடவை கை ஓங்கியவனை நம்பி ஒரு பெண்ணைத் தெரியாத ஊருக்கு அனுப்ப முடியுமா? நீங்களும் ஒரு பெண், யோசித்துப் பாருங்கள்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய முடிவு எதுவானாலும் ஆண்டவரிடம் அடையாளம் கேட்போம். வீடு பார்க்கப் போனால், 'வீட்டுக்காரர் தாமாகவே உட்காரச் சொன்னால் இதுதான் உமது சித்தம்' என்று மனதுக்குள் வேண்டிக்கொள்வோம். பெண் பார்க்கப் போனால், 'தண்ணீரை முதலில் பெரியவருக்குக் கொடுத்தால் இவள்தான்' என்று. அப்படிப் பார்த்து முடித்த கல்யாணங்கள் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன.

ஜெர்சன் விஷயத்திலும் நான் அப்படித்தான் கேட்டேன். மூன்று நாள் உபவாசமிருந்து கேட்டேன். ஆண்டவரே, சனிக்கிழமை நாங்கள் கடலுக்குப் போகிறோம். வீடு திரும்புவதற்குள் யாரும் கேட்காமல் அவன் ஒரே ஒரு தயவு செய்தால் விட்டுவிடுகிறேன். செய்யாவிட்டால் அவனை நீர் என் கையில் ஒப்புக்கொடுத்தீர் என்று எடுத்துக்கொள்வேன்.

ஒரே ஒரு தயவு. இதைவிடக் குறைவாக யாரும் கேட்டிருக்க முடியாது.

கடலுக்குப் போகலாம் என்று திட்டம் போட்டது அவன்தான். ஊர் மாறுவதற்கு முன்னால் குழந்தைக்கு ராட்டினம் காட்ட வேண்டுமாம். "நீங்களும் வாங்க மச்சான், நீங்க இல்லாம இன்னா ஜாலி" என்று என்னையும் கூப்பிட்டான். கூப்பிட்டது முந்தின வாரம். அடையாளம் கேட்பதற்கு முன்னால். அதனால் அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

கோவளம் தாண்டி, கடலுக்குள் ஒரு நீள மேடை கட்டி அதன் மேல் ராட்டினங்கள் வைத்திருக்கிறார்கள் அல்லவா, அங்கேதான். புதன்கிழமை லீவு போட்டுத் தனியாகப் போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்திருந்தேன். மேடையின் கோடியில் கைப்பிடிக் கம்பிகளைக் கழற்றிப் புதிதாக மாட்டிக்கொண்டிருந்தார்கள். குறுக்கே ஒரு கயிறு மட்டும் கட்டியிருந்தது. பழைய கம்பிகள் ஓரமாகக் கிடந்தன. ஒன்றை எடுத்துக் கனம் பார்த்துவிட்டு வைத்தேன்.

சனிக்கிழமை தாம்பரத்தில் பஸ் ஏறினோம். ஒரு வயதான அம்மா கூடையோடு ஏறினார். ஜெர்சன் எழுந்து இடம் கொடுத்தான், கூடையையும் வாங்கி மேலே வைத்தான். எனக்குப் பக்கென்றது. அப்புறம் யோசித்தேன். அந்த அம்மா ஏறும்போதே அவன் முகத்தைப் பார்த்தார். ஒரு வயதானவர் நம் முகத்தைப் பார்ப்பதே கேட்பதுதான்.

"மச்சான் இட்லி கட்டிக்கினு வந்துகீறாரு பாரு" என்று சிரித்தான். "அங்க பஜ்ஜிக்கடக்காரன் நம்மளப் பாத்துட்டுக் கடையவே சாத்திடுவான்."

"சும்மா இருங்க. போன தடவ பன்னெண்டு முழுங்கினது யாராம்?" என்றாள் ஜான்சி.

"அது அண்ணன் மனசு நோவக் கூடாதுன்னு."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

மேடைக்குப் போகும் வழியில் மணல் கொதித்தது. ஜான்சியின் செருப்பு வார் அறுந்துவிட்டது. அவள் வாய் திறப்பதற்குள் ஜெர்சன் தன் செருப்பைக் கழற்றி அவள் முன்னால் போட்டுவிட்டு, வெறுங்காலோடு குதித்துக் குதித்து நடந்தான். ரேஷ்மா விழுந்து விழுந்து சிரித்தாள். கட்டிய மனைவிக்குச் செய்வது கடமை. கடமையைத் தயவு என்று சொல்லக் கூடாது. இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

சாப்பிடும்போது ஜான்சி தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். அவன் வாங்கி மூடியைத் திறந்து கொடுத்தான். அவளுக்கு இடது மணிக்கட்டு சரியாக மடங்காது. நீங்கள் பார்த்திருப்பீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது வயதில் அவள் இந்த ஜெர்சனோடு ரயில்வே கேட் பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். வீட்டுக்குக் கூட்டி வந்து, கையை அம்மிமேல் வைக்கச் சொல்லி, குழவியால் ஒரே ஒரு முறை போட்டேன். கோபத்தில் இல்லை. ஜெபித்துவிட்டுத்தான் செய்தேன். கதவில் நசுங்கிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னோம். ஆறு வாரமும் நான்தான் அவளுக்குச் சோறு ஊட்டினேன். அது அடியில்லை, வளர்ப்பு. ஜெர்சன் அறைந்ததோடு இதை நீங்கள் சேர்க்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

மூன்றரை மணிக்குக் கொலம்பஸ் ஏற வரிசையில் நின்றோம். கப்பல் மாதிரி ஆடுமே, அது.

"மாமா, நீ என் பக்கத்துல ஒக்காரு" என்றாள் ரேஷ்மா. "அப்பா கத்துவாரு. எனக்கு வெக்கமா இருக்கும்."

"எனக்குத் தலை சுற்றுகிற மாதிரி இருக்கிறது. கொஞ்சம் காற்று வாங்கிவிட்டு வருகிறேன்" என்றேன்.

ஜெர்சன் வரிசையைவிட்டு வெளியே வந்தான். "ஜான்சி, நீ பாப்பாவப் பாத்துக்க. நான் மச்சான இட்டுக்கினு போறேன்."

கோடிக்கு நடந்தோம். கயிற்றை நான் தாண்டியபோது, "அங்க வேணாம் மச்சான், கம்பி இல்ல பாருங்க" என்றான். நான் போய் உட்கார்ந்ததும் அவனும் தாண்டி வந்தான். என் ஷூவைக் கழற்றினான். முன்னால் மண்டி போட்டு என் உள்ளங்காலைத் தேய்த்துவிட்டான். "கால் சில்லுன்னு கீது மச்சான். காலைல மாத்திர போட்டீங்களா?"

அவன் தலை என் முழங்காலுக்கு நேராக இருந்தது. உச்சியில் முடி கொஞ்சம் கொட்டியிருந்தது. தலை சுற்றுகிறது என்று நான் சொன்னதால்தான் தேய்த்தான். சொல்லாவிட்டால் தேய்த்திருக்க மாட்டான்.

கம்பியை எடுத்து அடித்தேன். முதல் அடி உச்சியில் விழுந்தது. அவன் நிமிர்ந்து பார்த்தான். "இன்னா மச்சான்?" என்றான். கோபமே இல்லை. சாவியை எங்கே வைத்தீர்கள் என்று கேட்பது போலக் கேட்டான். இரண்டாவது அடி தாடையில். எலும்பு உடைந்தது என் கைக்குத் தெரிந்தது. மூன்றாவதற்கு அவன் கையைத் தூக்கினான். கை உடைந்துதான் அந்த அடி நெற்றிக்குப் போனது. என் சட்டையில் இருந்தது எல்லாம் அவன் ரத்தம். ஒரு சொட்டுகூட என்னுடையது இல்லை, அவன் என்னைத் திருப்பி அடிக்கவில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள், அவனுக்கு நியாயமாக இருக்கும்.

பிறகு தோளில் கால் வைத்துத் தள்ளினேன்.

கொலம்பஸ் ஓட்டுகிறவர், நான் ஜெர்சன் கையை மிதித்ததாகச் சாட்சி சொல்லியிருக்கிறார். அது பொய். மிதிப்பது என் சுபாவத்தில் இல்லை. ஜெர்சன் விழும்போது நல்ல கையால் பலகை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். கீழே தண்ணீரும் தூண்களும் இருந்தன. நான் உட்கார்ந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். சுண்டுவிரல், மோதிர விரல். ஜான்சியின் பெயர் போட்ட மோதிரம் அதில் இருந்தது. அதைக் கழற்றி என் பையில் பத்திரமாக வைத்தேன். உங்களிடம் கொடுத்ததும் நான்தான்.

நேற்று ஒன்று கேட்டீர்கள். அடையாளம் கிடைத்திருந்தால் உண்மையிலேயே விட்டிருப்பீர்களா என்று. நிச்சயமாக விட்டிருப்பேன், மேடம். ஆண்டவருக்குக் கொடுத்த வார்த்தையை நான் மீறியதில்லை. கடைசி வரைக்கும் காத்திருந்தேன். இரண்டு விரல் மிச்சமிருந்தபோதும் காத்திருந்தேன்.

அப்போதுதான் ரேஷ்மா ஓடி வந்தாள். "அப்பா! நம்ம டர்ன் வந்துடிச்சி!" என்று கத்திக்கொண்டே கயிற்றுப் பக்கம் வந்துவிட்டாள். ஜெர்சனால் அவளைப் பார்க்க முடியாது, குரல் கேட்டிருக்கும். தாடை உடைந்திருந்ததால் அவன் பேச்சு சரியாக வரவில்லை. ஆனால் சொன்னது எனக்குப் புரிந்தது.

"மச்சான்... பாப்பாவ ஓரத்துக்கு வரவுடாதீங்க."

தன்னைத் தூக்கச் சொல்லவில்லை. அதை மட்டும்தான் சொன்னான். நான் திரும்பி, "அங்கேயே நில்லும்மா" என்றேன். அவள் நின்றாள். அவன் சொன்னதை நான் செய்தேன்.

யாரும் கேட்காமல் அவன் சொன்னதுதான் அது. நானும் ஒரு நிமிஷம் யோசித்தேன். ஆனால் பெற்ற பிள்ளைக்குச் செய்வது தயவில் சேராது, மேடம். காக்கைகூடத் தன் குஞ்சுக்குச் செய்யும். ஆண்டவர் மௌனமாக இருந்துவிட்டார் என்று எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. மீதி இரண்டு விரல்களையும் எடுத்தேன்.