கவிழ்த்த தட்டு

முப்பது பேருக்குச் சமைக்கிறவள் உப்பைக் கையால்தான் அள்ளிப் போட வேண்டும், மேடம். கரண்டி ஏமாற்றும், கை ஏமாற்றாது. இருபத்து நான்கு வருஷத்தில் என் குழம்பில் ஒரு நாள்கூட உப்பு கூடியதில்லை. நான் எதையும் கைதவறிச் செய்கிறவள் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் லூயிசா. வயது அறுபத்தொன்று. ஸ்கெலட்டன் ஏரியாவில், தங்க மைன்ஸ் ஆட்கள் இருந்த பழைய லைன் வீடுகளில், ஒன்பது குடும்பங்கள் ஒரே அடுப்பில் சாப்பிடுகிறோம். மைன்ஸ் மூடிய வருஷம் எந்த வீட்டிலும் உலை வைக்க வழியில்லை. அப்போது லைனில் ஜெபம் நடத்துகிற ஆபிரகாம் ஐயா எல்லோரையும் கூப்பிட்டு, "தனித்தனியா பட்டினி கெடக்கிறதுக்கு ஒண்ணா கஞ்சி குடிக்கலாம், வாங்க" என்றார். அன்றிலிருந்து படுக்கிற வீடு வேறு, ஜெபமும் சாப்பாடும் ஒன்று. என் வீட்டுக்காரர் அதற்கு முந்தின வருஷமே போய்விட்டார், பிள்ளையும் கிடையாது. அடுப்படியை என் கையில் கொடுத்தார்கள். கொடுத்திருக்காவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேனோ தெரியாது.

எங்களுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பந்தியில் உட்கார்ந்ததும், ஐயா ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து "சமாதானமா?" என்று கேட்பார். "சமாதானம்" என்று பதில் சொல்ல வேண்டும். யார் மேலாவது மனத்தாங்கல் இருந்தால் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு அந்தப் பெயரைச் சொல்வோம். உடனே எல்லோரும் தட்டைக் கவிழ்த்துவிடுவார்கள். பெயர் சொல்லப்பட்டவர் தன் குற்றத்தைத் தானே தேடிச் சொல்ல வேண்டும். தட்டைக் கவிழ்த்தவர் எடுத்துக்கொடுக்கக் கூடாது. அதைக் கண்டுபிடித்து மன்னிப்புக் கேட்கும்வரை யார் வாயிலும் தண்ணீர்கூடப் படாது, யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். பிள்ளைகளுக்கு மட்டும் முன்னாலேயே தனியாகப் பொங்கிப் போட்டுவிடுவேன். பெரும்பாலும் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். கட்டிப்பிடித்து அழுதுவிட்டுச் சாப்பிடுவோம். அன்றைக்கு ரசம்கூட ருசியாக இருக்கும்.

நிக்கோல், டென்னிஸின் மனைவி. ஐயாவின் மருமகள். இரண்டு வருஷத்துக்கு முன் ராபர்ட்சன்பேட்டையிலிருந்து கல்யாணமாகி வந்தாள். நல்ல பெண், அதை நான் மறைக்கவில்லை. என் முழங்கால் வலிக்குப் பெங்களூரிலிருந்து தைலம் வாங்கி வந்தவள் அவள் ஒருத்திதான். சின்ன வயதிலிருந்தே அவளுக்குச் சர்க்கரை. சாப்பாட்டுக்கு முன் ஊசி போட்டுக்கொள்வாள். மருந்து என் அடுப்படி ஃப்ரிட்ஜில், முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். ஊசி போட்டால் உடனே சாப்பிட்டாக வேண்டும். இரண்டு முறை நேரம் தள்ளிப்போய் வேர்த்து, நாக்கு குழறி, என் மேலேயே சாய்ந்துவிட்டாள். எலுமிச்சம்பழம் பிழிந்து நிறையச் சர்க்கரை போட்டுக் குடிக்கக் கொடுத்தேன். கால்மணி நேரத்தில் எழுந்து சிரித்தாள். இரண்டு முறையும் அடுப்படியில் நாங்கள் இரண்டு பேர்தான், வேறு யாரும் பார்க்கவில்லை.

இந்த வருஷம் பொங்கல் முடிந்ததும் அவள்தான் அந்தப் பேச்சை எடுத்தாள். பாதிப் பேர் விடியற்காலை ரயிலில் பெங்களூர் போய் ராத்திரி ஒன்பதுக்குத் திரும்புகிறவர்கள். ஆறிப்போன களியைத்தான் சாப்பிடுகிறார்கள், அது உண்மை. "ஒம்போது வீட்லயும் ஆளுக்கொரு கேஸ் அடுப்பு வெச்சுக்கலாம்க்கா. சண்டே மட்டும் ஒண்ணா சாப்புடலாம். உங்களுக்கும் ரெஸ்ட் வேணும் இல்ல?" என்றாள்.

"நான் இன்னா உங்கிட்ட ரெஸ்ட் கேட்டேனா?" என்றேன். சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். வாரத்தில் ஆறு நாள் யாருக்கும் சமைக்காமல் ஒரு ஆளுக்கு மட்டும் பொங்கித் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்க எனக்குப் பயம், மேடம். சாவதற்குக்கூட அவ்வளவு பயம் இல்லை.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு யாரோ தட்டைக் கவிழ்த்தார்கள். நிக்கோல் ஊசி போட்டிருந்ததால் எழுந்துபோய் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு வந்தாள். ஐயா அதைக் குற்றமாக எடுக்கவில்லை. நான்தான் மறுநாள் காய் நறுக்கும்போது, அடுப்படியில் எனக்குக் கூடமாட வேலை செய்கிற ஷைலாவிடம், "நம்ம எல்லாருக்கும் பட்டினி, அந்தம்மாவுக்கு மட்டும் தனி சட்டமா?" என்று கேட்டுவைத்தேன். பேச்சு ஒன்பது வீட்டுக்கும் போய்விட்டது. நிக்கோல் கண் கலங்க என்னிடம் வந்தாள்.

"இனிமே எழுந்துக்க மாட்டேன்க்கா. சோறு வடிச்சப்புறம்தான நீங்க மணி அடிப்பீங்க? மணி கேட்டு ஊசி போட்டுக்கறேன். நடுவுல யாராச்சும் கவுத்துட்டாங்கன்னா..."

"நான் இருக்கேன் இல்ல? ஐயாகிட்ட நான் சொல்றேன். நீ கம்முனு உக்காரு" என்றேன்.

அந்த மணி உண்மையில் மணி இல்லை, மைன்ஸ் ட்ராலி ஓடிய தண்டவாளத் துண்டு. கம்பியில் கட்டி அடுப்படி வாசலில் தொங்கவிட்டிருக்கிறோம். சோற்றை வடித்ததும் அடிப்பேன். அடுத்த இருபதாவது நிமிஷம் பந்தி. இருபத்து நான்கு வருஷமாக அது மாறியதில்லை.

மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு, சாப்பாடு முடிந்ததும் அடுப்பு விஷயத்தில் கை தூக்கச் சொல்வதாக ஐயா அறிவித்திருந்தார். ஏழு வீடு நிக்கோல் பக்கம் என்று ஷைலா சொன்னாள். அன்றைக்கு டென்னிஸுக்கு ஷிஃப்ட், பெங்களூர் போயிருந்தான். பன்னிரண்டே முக்காலுக்கு மணி அடித்தேன். நிக்கோல் வந்து ஊசி போட்டுக்கொண்டு, பையையும் ஃபோனையும் எல்லோரையும் போல வாசல் அலமாரியில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். ஐயா கேட்டுக்கொண்டே வந்தார். என் முறை வந்தது. நான் தட்டைக் கவிழ்த்து, "நிக்கோல்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். முதலில் அவளுக்குக் கோபம்கூட வரவில்லை, ஆச்சரியம்தான். அடுப்புப் பேச்சு என்றாள். "அது இல்ல" என்றேன். என்னைக் கேட்காமல் ஐயாவிடம் போனது என்றாள். அது இல்ல. பிப்ரவரியில் எழுந்துபோனது, கிறிஸ்துமஸுக்கு என் கேக்கைக் கெட்டி என்று சொன்னது, டென்னிஸோடு தியேட்டரில் சாப்பிட்டுவிட்டு வந்து எனக்காக மறுபடி சாப்பிட்டது. எல்லாம் சொன்னாள். அது இல்ல, அது இல்ல என்றேன். நான் பொய் சொல்லவில்லை. அவள் மேல் எனக்கு அப்படி ஒரு மனத்தாங்கலும் இல்லை. இல்லாத ஒன்றை அவள் எப்படிக் கண்டுபிடிப்பாள்?

இரண்டு மணிக்கு அவள் நெற்றி வேர்த்தது. கை நடுங்கியது. ஒருமுறை எழுந்திருக்கப் பார்த்தாள். சுற்றிலும் எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு உட்கார்ந்துவிட்டாள். பிறகு அழுதாள், பேச்சு குழறியது. எங்கள் பந்தியில் நடுக்கமும் அழுகையும் வந்தால் மனம் உடைகிறது, ஆவியானவர் கிரியை செய்கிறார் என்று எல்லோருக்கும் சந்தோஷம். சுற்றி நின்று அவள் தலையில் கை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஜெபித்தார்கள். ஷைலாவும்தான். நான் கண்ணை மூடவில்லை.

"எலுமிச்சம்பழம்... அக்கா... எலுமிச்சம்பழம்" என்றாள்.

ஐயா ஜெபத்தை நிறுத்திவிட்டு என்னிடம் கேட்டார். "எலுமிச்சம்பழமா, லூயிசா? ஏதாச்சும் எடுத்துட்டாளா?"

"அது இல்லீங்க ஐயா" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. பாயில் சரிந்ததும் பாரம் நீங்கி இளைப்பாறுகிறாள் என்று சொல்லிப் பாட்டுப் பாடினார்கள். மூன்றரை மணிக்கு உடம்பு வெட்டி இழுத்தபோதுதான் பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினார்கள். சர்க்கரை ரொம்ப இறங்கிவிட்டது, ரொம்பத் தாமதம் என்றார்கள். செவ்வாய்க்கிழமை அடக்கம். டென்னிஸ் என்னைக் கட்டிக்கொண்டுதான் அழுதான். வேளை தவறாமல் அவனுக்கு ஒரு கரண்டி கூடப் போட்டேன். அதன்பின் யாரும் கை தூக்கவில்லை. துக்க வீட்டில் அடுப்பைப் பிரிக்க யாருக்கு மனம் வரும்? ஒன்பது வீடும் முன்னைவிட ஒற்றுமையாக இருந்தது, மேடம். நீங்களே போய்க் கேளுங்கள்.

இன்றைக்கு மத்தியானம் டென்னிஸ் தட்டைக் கவிழ்த்து என் பெயரைச் சொன்னான். அவன் ஃபோன் பேசும்போது நான் திட்டியதைச் சொன்னேன். "அது இல்ல, அக்கா" என்றான். நிக்கோலின் புடவைகளை அவனைக் கேட்காமல் கொடுத்துவிட்டதைச் சொன்னேன். "அது இல்ல, அக்கா." அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஷைலா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குப் புரிந்துவிட்டது. மார்ச் மாதம் அந்த ஞாயிறு அடுப்படியில் என்னோடு இருந்தவள் அவள் ஒருத்திதான். நான் மணி அடித்தபோது, "இன்னாக்கா, உலைல இன்னும் அரிசியே போடலையே?" என்று கேட்டவள்.

ஆமாம், போடவில்லை. அன்றைக்கு ஒரு மணிக்கு யாரும் சாப்பிடப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். வடித்து வைத்தால் ஆறி வீணாகும். ஐந்து படி அரிசி.

சாகட்டும் என்று நினைத்தாயா என்று கேட்பீர்கள். மயங்கி விழட்டும், அன்றைக்குக் கை தூக்காமல் போகட்டும் என்றுதான் மணி அடித்தேன். ஆனால் எலுமிச்சம்பழம் கேட்டாளே, அப்போது அவளுக்கு என்ன ஆகிறது என்று அந்தப் பந்தியில் எனக்கு மட்டும்தான் தெரியும். அடுப்படி பத்து அடி தூரம். பழமும் இருந்தது, சர்க்கரையும் இருந்தது. நான் உட்கார்ந்தே இருந்தேன். அவள் செத்தது என்னால்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

இதைப் பந்தியிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நாளைக்கு அந்த அடுப்பில் யார் சாப்பிடுவார்கள்? அதனால்தான் எழுந்து ஆட்டோ பிடித்து இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன். இருபத்து நான்கு வருஷத்தில் தட்டு கவிழ்ந்திருக்கும்போது நான் எழுந்தது இதுதான் முதல் தடவை.

மணி நான்காகிறது. ஐயாவுக்கு ஒரு ஃபோன் போட்டு, லூயிசா சொல்லிவிட்டாள், தட்டை நிமிர்த்துங்கள் என்று சொல்லிவிடுங்கள், மேடம். எண்பது வயது மனிதர், காலையிலிருந்து ஒரு காப்பிதான் குடித்திருக்கிறார். யாரையும் பசியோடு உட்காரவைக்க என் மனசு கேட்காது.