நியூட்ரலில் இறங்கிய வேன்

கொல்லிமலை இறக்கத்தில் வேன் நியூட்ரலில் உருண்டது. இன்ஜின் சத்தம் அடங்கியதால் முன்சீட்டுப் பேச்சு தெளிவாகக் கேட்டது. மிளகு மூட்டையோடு ஒரு விவசாயி, பக்கத்தில் ஆஸ்பத்திரி நர்ஸம்மா. அந்தம்மாவின் மகளுக்கு விமானத்தில் வேலையாம்.

“எண்ணெய் வெலை ஏறிப்போச்சுங்க. சார்ஜை ஏத்துனா ஆள் ஏறறதில்லையாம். எம்புள்ள கம்பெனிக்கு ஒரே நஷ்டம்.”

“ஏனுங்க, பிளேனையும் எறங்கறப்ப நியூட்ரல்ல விட்டா என்னங்க? நம்ம டிரைவரு அப்படித்தான டீசலை மிச்சம் பண்றாரு.”

“வேண்டாங்க. அதுக்குள்ள எம்புள்ள இருக்குது. நஷ்டமானா ஆயிட்டுப் போவுது.”

இரண்டு வளைவு தாண்டியது. விவசாயி டிரைவர் பக்கம் குனிந்தார்.

“கியர்லயே ஓட்டு சாமி. சார்ஜு வேணா ஏத்திக்க.”

வேன் உறுமியது. அதற்குமேல் எனக்கு எதுவும் கேட்கவில்லை.