வெத்தல ஐஸும் பேப்பர்க்காரரும்

ஒரு காதுகுத்துக்கு ஒரே ஒரு தடவ கூப்பிட்டா நீங்க போவீங்களாண்ணே? போவ மாட்டீங்கள்ல? பத்திரிக வைக்கணும், முதநாளு ஒரு போனு, அன்னைக்கிக் காலையில “கெளம்பிட்டீங்களா”ன்னு இன்னொரு போனு. அதானே மரியாத! அதத்தானே நானும் செஞ்சேன்? அதுக்குப் போயி அந்த நிருபரு என் நம்பரையே பிளாக் பண்ணிட்டாருண்ணே!

ஏய் பாப்பா, மாமா சட்டப் பையில இருந்து பேனாவ எடுக்காத... குடு, குடுத்துரு. வச்சுக்கட்டும்ங்கிறீங்களா? நல்லாருப்பீங்க. ஆரப்பாளையத்துல பஸ்ஸு ஏறுனதுல இருந்து இந்த ஜன்னக் கம்பியத்தான் நக்கிக்கிட்டு வந்தா.

என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்... ஆங், நிருபரு. எங்க நாத்தனா கனகலட்சுமி இன்னைக்கு சோழவந்தான்ல கடை தொறக்குறாண்ணே. வெத்தல ஐஸ்கிரீமு. சிரிக்காதீங்க! கொழுந்து வெத்தலையா கிள்ளி அரச்சு, பாலு, குல்கந்து போட்டு... ஒரு வாயி வச்சீங்கன்னா விட மாட்டீங்க. அவுகளுக்குக் கொடிக்காலு இருக்கு, வெத்தலைக்கா பஞ்சம்? ஆனா எங்க மாமனாரு இருக்காரே, மலைச்சாமின்னு பேரு, மலையாட்டந்தான் அசைய மாட்டாரு. “வெத்தலைய மெல்லுவான், எவனாச்சும் நக்குவானா? பேப்பர்க்காரன் ஒருத்தன் தேடி வந்து நின்னு எழுதட்டும், அப்ப ஒத்துக்கிறேன். இல்லாட்டி தொறந்த அன்னைக்கே ஷட்டர எறக்கிட்டுக் கொடிக்காலுக்கு வந்து சேரு”ன்னுட்டாரு. சொந்தபந்தத்துக்கு முன்னாடி!

அவ என்னயப் பாத்தா. எல்லாரும் என்னயத்தான் பாத்தாக. ஏன்னா நாந்தான போனுல ரீல்ஸ் போடுறவ. “சத்யா, ஒனக்குத்தான் மீடியா தெரியும்”னா. எனக்கும் உச்சி குளுந்து போச்சு. “பேப்பரு என்ன பேப்பரு, டிவியவே கூட்டிட்டு வாரேன்”னு சொல்லிப்புட்டேன்.

சும்மா சொல்லக்கூடாதுண்ணே, ஒழச்சேன். உக்காந்து சேதி எழுதுனேன். “அகில உலகமே அண்ணாந்து பார்க்க, அண்டார்டிகா அஞ்சி நடுங்க, வைகைக் கரையின் குளிர்ப்புயலே வருக வருக!” எப்படி? நம்ம ஊர்ல மொட்ட போடுறதுக்கே போஸ்டருல இம்புட்டு அடிக்கிறாக, கடை தொறப்புக்கு அடிக்க வேணாமா? கீழ தாய்மாமன்ல ஆரம்பிச்சு ஒண்ணுவிட்ட பங்காளி வரைக்கும் பேரு. விட்டா வருத்தப்படுவாகல்ல. அந்த நிருபரு என்ன கேட்டாரு தெரியுமா? “இதுல என்னம்மா விக்கிறீங்க, எங்க விக்கிறீங்கன்னே இல்லையே”ங்கிறாரு. ஏண்ணே, சோழவந்தான்ல எறங்கி கனகலட்சுமின்னா சின்னப்புள்ள கூட காட்டுமே!

அனுப்புறதுலயும் நான் ஓரவஞ்சன பண்ணல. கெடச்ச நம்பருக்கெல்லாம் அனுப்புனேன். மேல மட்டும் “அன்புள்ள லட்சுமிநாராயணன் சார்”னு மொதல்ல யாருக்கு அனுப்புனேனோ அவரு பேரே நின்னு போச்சு. அதுக்கு ஒரு பொம்பள நிருபரு, தமிழ்வாணியாம், “நான் லட்சுமிநாராயணன் இல்ல”ன்னு கோவமா பதில் போடுறாக. நான் விடுவனா? “பரவால்லக்கா, நீங்களே போடுங்க”ன்னு பெருந்தன்மையா சொன்னேன். வெளையாட்டுச் சேதி எழுதுறவரு ஒருத்தரு, “இதுல எந்த டீம் ஆடுது”ங்கிறாரு. ராசிபலன் எழுதுறவரு ஒருத்தருதாண்ணே தங்கமான மனுசரு. நேரம் நல்லால்லன்னாரு. கடைக்கான்னு கேட்டா, எனக்காம்!

போட்டோ கேட்டாகளேன்னு போட்டோவும் அனுப்புனேன். ரிப்பன் கட்டுறது, எங்க வீட்டுக்காரரு ஏணியில நிக்கிறது, பாப்பா அழுவுறது... ஐஸ்கிரீமா? அது உருகிப் போச்சுண்ணே, எப்படி எடுக்க? அப்புறம் சாயங்காலமாப் பாத்து நிதானமா போன் பண்ணுவேன். அந்நேரந்தான் நானும் அடுப்படி வேலைய முடிச்சுட்டு சும்மா இருப்பேன். அவுக என்னடான்னா, “பேப்பர் முடிக்கிற நேரம்மா, கொல்லாத”ன்னு கத்துறாக. சரின்னு வச்சுட்டு, முடிச்சிருப்பாகன்னு கொஞ்ச நேரங்கழிச்சு மறுபடி அடிச்சேன். “நாளைக்கு எத்தனாவது பக்கம்? போடுறதுக்கு முன்னாடி எங்க மாமனாருக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டிருங்க”ன்னேன். அப்பத்தாண்ணே பிளாக்கு!

ஆனா கடவுளு ஒரு கதவ மூடுனா... பரவை ஸ்டாப்பு தாண்டிருச்சா? ஆ, தாண்டிருச்சு. எங்க வீட்டுக்காரரு போனத் தடவுனேண்ணே. “ஸ்ரீனிவாஸ் பேப்பர்”னு ஒரு நம்பரு! அடிச்சேன் பாருங்க. என்னா பணிவு, என்னா பேச்சு! நம்ம சேதியச் சொன்னதும், “போட்டுரலாம்க்கா, எந்த சைஸு”ன்னாரு. இருக்குறதுலயே பெருசுன்னேன். “கலரா, வெள்ளையா?” கலருன்னேன். “பிரிண்டு வேணுமா?” பிரிண்டு இல்லாம என்னண்ணே பேப்பருன்னு நான் சிரிச்சேன், அவரும் சிரிச்சாரு. “ஈரம் தாங்குற மாதிரி குடுக்கவாக்கா”ன்னு கேட்டாருண்ணே! மழயில நனையாம வீட்டுக்கு வீடு சேரணும்னு எம்புட்டு அக்கற! “எத்தன பேருக்கு”ன்னாரு. மதுர, தேனி, திண்டுக்கல்லு, ஒரு ஜில்லா விடாமன்னேன். அப்புறம், “அப்ப தனி வண்டி வச்சு நானே வாரேன்க்கா”ன்னாரு. நிருபரு தனி வண்டி வச்சு வாராருண்ணே! வெத்தலன்னா சும்மாவா?

இருங்க, போனு. கனகலட்சுமிதான்... சொல்லு மதினி! ஆமா சத்யாதான். சமயநல்லூரு தாண்டி வந்துக்கிட்டு இருக்கேன். என்னது, பேப்பர்க்காரரு வந்துட்டாரா? பாத்தீங்களாண்ணே, வந்துட்டாரு! மதினி, ஒக்கார வச்சு ஐஸக் குடு... என்னது? எறக்குறாரா? எத எறக்குறாரு? மூட்டையா? ... சத்தமா சொல்லு மதினி, பஸ்ஸு எரையுது... பேப்பர் தட்டா? பேப்பர் கப்பா?!

...ஒரு வண்டி நெறயவா?

...மாமா என்ன செய்றாரு? ஷட்டர்ல கைய வச்சுட்டாரா? மதினி, அழுவாத. அழுவாதன்றேன்ல! நான் வாரேன். நிருபரோடதான் வாரேன், மாமாகிட்ட சொல்லு. வையி.

அய்யய்யோ... பேப்பருன்னா பேப்பர் தட்டு யாவாரமாண்ணே! நிருபரான்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல நான்? என் வாயிதான் அம்புட்டுப் பேரு வாயையும் மூட வைக்குமே, அந்தாளு எப்ப சொல்லுவாரு, பாவம்! இப்ப நிருபருக்கு நான் எங்க போவேன்...

அண்ணே, எங்க எந்திரிக்கிறீங்க? தேனூரே வரலையே, ஒக்காருங்க. எங்க வேல பாக்குறேன்னு சொன்னீங்க? கரண்டு ஆபீஸுல, மீட்டரு கணக்கு எடுக்குறதா? வீடு வீடாப் போயி, நின்னு, உத்துப் பாத்து, மூஞ்சிய உம்முன்னு வச்சுக்கிட்டுக் குறிச்சுக்கிறது... அண்ணே! இம்புட்டுத்தானண்ணே நிருபரு வேல! தோளுல பையி இருக்கு, கண்ணாடி இருக்கு. பாப்பா, மாமாவுக்குப் பேனாவக் குடுத்துரு. கடிச்சுட்டாளா? மூடிதான, பரவால்ல.

என் கூடப் பொறந்த பொறப்பா நெனச்சுக் கேக்குறேண்ணே. எங்க நாத்தனா கடைக்கு ஒரு அஞ்சு நிமிசம் வாங்க. எங்க மாமனாரு முன்னாடி நின்னு, மீட்டரப் பாக்குற மாதிரியே அந்த ஐஸ்கிரீம உத்துப் பாத்துக் குறிச்சுக்கங்க. போதும். ஒரே ஒரு விசயம்... எழுதி முடிச்சுட்டு, எம்புட்டு யூனிட்டுன்னு மட்டும் சொல்லிராதீங்கண்ணே!