செங் பலகை ஆலைச் சம்பளம்

மருதப்பன்: ...பென்சிலைக் கீழ வை. எழுதறதுக்கு முன்னாடி வாயால சொல்லு. யூனியன் ஆளா இருந்தாலும் காகிதத்த நான் நம்பறதில்ல.

தேவதாஸ்: அண்ணே, நான் உங்க பக்கம்தான். பிரேக் பிடிக்காத பஸ்ஸை ஓட்ட மாட்டேன்னீங்க. அதுக்கு வேலைய விட்டு நிறுத்தினது தப்புன்னு நடுவரே சொல்லிட்டாரு. இனி எவ்வளவு நஷ்டம்னு கணக்குக் கொடுக்கணும். அவ்வளவுதான்.

மருதப்பன்: கம்பெனிக்காரன் உனக்குக் காப்பி கீப்பி வாங்கிக் கொடுத்தானா?

கமலவேணி: ஏங்க! பிள்ளை காஜா பேராங் வரைக்கும் வெயில்ல சைக்கிள் மிதிச்சு வந்திருக்கு... நீ சொல்லு தம்பி.

தேவதாஸ்: மெர்டேக்கா சுதந்திர விழா முடிஞ்ச அடுத்த மாசம் நிறுத்தினாங்க. இந்த மாசத்தோட பதினோரு மாசம். சம்பளம் நூத்து முப்பது. ஆக ஆயிரத்து நானூத்து முப்பது வெள்ளி.

கமலவேணி: முருகா!

மருதப்பன்: அவனை ஏன் கூப்பிடறே? பஸ் ஓட்டினவன் நான்.

தேவதாஸ்: இருங்கண்ணே, இன்னும் முடியல. இடையில வேற எங்கயாவது சம்பாதிச்சிருந்தா அதைக் கழிச்சிடுவாங்க.

மருதப்பன்: ...கழிப்பானா? எதுக்கு?

தேவதாஸ்: நஷ்டம் எவ்வளவோ அதைத்தான் தருவாங்க. வேற வேலை ஏதும் பார்த்தீங்களா?

மருதப்பன்: அது... வந்து...

கமலவேணி: ஏன் முழுங்கறீங்க? பார்த்தாரு தம்பி. செங் ஊர்ல பலகை ஆலை. ஒன்பது மாசமா போறாரு. மாசம் தொண்ணூறு வெள்ளி சுளையா என் கையில வைப்பாரு.

மருதப்பன்: உன்னைக் கேட்டாங்களா?

தேவதாஸ்: ஒன்பது தொண்ணூறு... எண்ணூத்துப் பத்து. கழிச்சா அறுநூத்து இருபதுதான் மிஞ்சும்.

மருதப்பன்: அறுநூறா? டேய், பாதிக்கு மேல போச்சே!

தேவதாஸ்: ஆலை முதலாளி, அந்தத் தவுக்கே பேரு என்ன? அவர்கிட்ட ஒரு கடுதாசி வாங்கணும்.

மருதப்பன்: பேரா... சீனன்தான்.

தேவதாஸ்: சீனன்னா பேரு இருக்காதா?

மருதப்பன்: வேணி, நீ போய்த் தண்ணி கொண்டாயேன்.

கமலவேணி: இப்பத்தான் கொண்டாந்தேன். தம்பி முன்னாலயே இருக்கு.

மருதப்பன்: இன்னொரு தண்ணி கொண்டா.

கமலவேணி: மாட்டேன். நானும் அந்தத் தவுக்கே பேரைக் கேட்டுக்கறேன். ஒன்பது மாசமா சோறு போட்ட புண்ணியவானாச்சே.

தேவதாஸ்: அண்ணே, நாளைக்குச் சத்தியம் பண்ணிச் சொல்லணும். கம்பெனி வக்கீல் குடைவான். ஒண்ணு எண்ணூத்துப் பத்து சம்பாதிச்சீங்க. இல்ல, சம்பாதிக்கல. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.

மருதப்பன்: சம்பாதிக்கலன்னு சொன்னா முழுசும் வருமா?

தேவதாஸ்: நிஜமா சம்பாதிக்கலன்னா வரும். பொய்ன்னா கேஸே போயிடும்.

மருதப்பன்: நிஜம்தான்யா! ஆலையும் இல்ல, தவுக்கேயும் இல்ல... போதுமா? ஐம்பத்து மூணு வயசுக்காரனை எவன் எடுப்பான்? காலையில சைக்கிளை எடுத்துட்டுப் போய் புக்கிட் பாருல ஒரு மரத்தடியில உக்காந்து டாம் காய் நகர்த்தி ஆடினேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன்.

கமலவேணி: ஆட்டத்துல ஜெயிச்சீங்களா?

மருதப்பன்: கேலி பண்ணாத.

கமலவேணி: ஆலைக்குப் போறவர் சட்டையில ஒரு துளி மரத்தூள் கிடையாது. துவைக்கிறவ எனக்குத் தெரியாதா?

மருதப்பன்: தெரிஞ்சும் ஏன் தினம் சோறு கட்டிக் கொடுத்தே?

கமலவேணி: மரத்தடியில பசிக்காதா?

மருதப்பன்: ...முதல் ரெண்டு மாசம் வீட்டுல குந்தியிருந்தப்ப என்னைப் பாவமாப் பார்த்தே. திட்டியிருந்தா இருந்திருப்பேன். அந்தப் பார்வைதான் தாங்கல.

தேவதாஸ்: அப்ப மாசா மாசம் அந்தத் தொண்ணூறு? அதையும் கேப்பாங்கண்ணே.

மருதப்பன்: கடன். இவ தம்பி அப்பாசாமிகிட்ட. அக்காவுக்குத் தெரியக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டுத்தான் வாங்கினேன். ஒன்பது மாசம், எண்ணூத்துப் பத்து. தீர்ப்புப் பணம் வந்ததும் முதல் வேலை அவனுக்கு அடைக்கிறதுதான்.

தேவதாஸ்: கடன் வருமானம் ஆகாது. கழிக்க மாட்டாங்க! ஆனா அப்பாசாமி அண்ணன் வந்து சாட்சி சொல்லணும்.

மருதப்பன்: சொல்வான். நல்ல பய.

தேவதாஸ்: அவரு முனிசிபாலிட்டியில ரோட்டு வேலைதானே? அஞ்சு பிள்ளைங்க வேற. மாசம் தொண்ணூறு வெள்ளி கடன் கொடுக்க ஏதுன்னு வக்கீல் கேட்டா?

மருதப்பன்: அது... அதை நான் கேக்கல. கொடுக்கிறவன்கிட்ட எவன்யா கேப்பான்?

கமலவேணி: தம்பி... ஒண்ணு கேக்கணும். பொஞ்சாதி சம்பாதிச்சா, அதையும் கழிப்பாங்களா?

தேவதாஸ்: உங்க சம்பாத்தியத்தையா? அதை எதுக்குக்கா கழிக்கணும்? வேலை போனது அண்ணனுக்கு.

கமலவேணி: ஒரு காசு கூட கழிக்க மாட்டாங்களே?

தேவதாஸ்: ஒரு காசு கூட.

மருதப்பன்: நீ எங்கடி சம்பாதிச்சே?

கமலவேணி: நீங்க சைக்கிள் ஏறினதும் உளுந்து ஆட்டுவேன். காப்பிக் கடை மூணுக்கு வடை. நீங்க திரும்பறதுக்குள்ள அடுப்பை அணைச்சுக் கழுவி விட்டுடுவேன்.

மருதப்பன்: எண்ணெய் வாசம் பக்கத்து வீட்டுலேர்ந்து வருதுன்னே!

கமலவேணி: நீங்க செங்ல மரம் அறுத்தேன்னீங்க.

தேவதாஸ்: அக்கா... அப்ப அப்பாசாமி அண்ணன் கொடுத்த கடன்?

மருதப்பன்: ஆமா, அந்த எண்ணூத்துப் பத்து அவன் காசுதானே? அதை அடைச்சுத்தானே ஆகணும்?

கமலவேணி: நீங்க சத்தியம் வாங்கின அன்னிக்கே ஓடி வந்து சொல்லிட்டான். அவன்கிட்ட ஏதுங்க காசு? நான் சேர்த்து வச்சிருந்த தொண்ணூறு வெள்ளிய அவன் கையில கொடுத்தேன். அவன் உங்களுக்குக் கடன்னு கொடுத்தான். நீங்க சம்பளம்னு எனக்குக் கொடுத்தீங்க. மறு மாசம் அதே நோட்டை மறுபடி அவன்கிட்ட... ஒன்பது மாசமா அதே பத்து வெள்ளி நோட்டு ஒன்பதுதான் சுத்துது. நாம சாப்பிட்டது வடைக் காசுல. நேத்து நீங்க கொடுத்த நோட்டு பெட்டியில இருக்கு. அப்பாசாமி வேற எதுக்கு வெயில்ல நடக்கணும்... அடுத்த மாசத்துக்கு நேரா உங்க கையிலயே கொடுத்திடட்டா?