முப்பத்தேழாம் எண் முத்திரை

லுகாவா திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்தின் பழுதுபார்ப்புப் பணிமனையில் நாற்பத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெறும் திருமதி பெர்சிதா அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உள்ளம் கலங்கி அளிக்கும் மடல்

கடைசல் எந்திரத்தின் காவலரே! கனலைக் கைக்குள் அடக்கிய கலைஞரே! முறிந்து வந்ததை முழுமையாக்கி, தேய்ந்து வந்ததைத் தேற்றி, கோணி வந்ததை நேராக்கி, கீறல் விழுந்து வந்ததைக் கண்ணாடியாக்கித் திருப்பி அனுப்பிய திருக்கரங்களுக்கு உரியவரே! மலையைப் பெயர்க்கும் மண்வாரி எந்திரமும் தன் கை மடங்கிக் கிடந்த நாளில் தங்கள் வாசலைத் தேடி வந்ததை நாங்கள் கண்டிருக்கிறோம். அந்தக் கையை நீட்டி மடக்கும் சிலிண்டருக்குள் ஓடும் ராடுகள் எத்தனை ஆயிரம் தங்கள் மடியில் கிடந்து குணமாகிப் போயின என்று கணக்கிட எங்களால் ஆகாது. தங்களுக்கு எங்கள் வணக்கம்.

தாங்கள் இருபது வயதில் இங்கே நுழைந்தபோது, பெண்ணுக்கு எதற்கு லேத் என்று கேட்டு, கிடங்கில் நட்டும் போல்ட்டும் பிரிக்கும் வேலையைத் தந்தார்களாம். மூன்றாம் மாதத்தில், விடுப்பில் போயிருந்த ஒருவரின் லேத்தில் யாரையும் கேட்காமல் ஏறி நின்று, சின்ன ராடு ஒன்றைக் கடைந்து முடித்து, மேற்பார்வையாளரின் மேசைமேல் வைத்துவிட்டு மறுபடியும் நட்டு பிரிக்கப் போய்விட்டீர்களாம். மனிதர் மைக்ரோமீட்டரும் கையுமாக அரை மணி நேரம் குறை தேடியும் ஒன்றும் அகப்படாமல், கடைசியில் ராடு ரொம்பப் பளபளக்கிறது என்று குறை சொன்னாராம். அன்று முதல் அந்த லேத் தங்களுடையது. வெல்டிங் கற்றுக்கொள்ள அதன்பின் யாரும் தடை சொல்லவில்லை.

தங்கள் முறையே தனி. வேலை முடிந்ததும் குரோம் பூச்சின்மேல் சுண்டுவிரல் நகத்தை ஓட்டுவீர்கள். நகம் எங்கேனும் தடுக்கினால் ராடு திரும்பவும் லேத்துக்குப் போகும். எண்ணெய் கசியாமல் காக்கும் சீல் வளையத்தை அந்தச் சிறு கீறலே அறுத்துவிடும் என்பீர்கள். அதற்காகவே ஒரு நகத்தை மட்டும் வளர்த்து மற்ற ஒன்பதையும் ஒட்ட வெட்டியிருப்பீர்கள். மருமகள் ஒருமுறை அந்த ஒன்றுக்கு மட்டும் சிவப்புச் சாயம் பூசிவிட, அன்று முழுதும் பணிமனையில் வேலை ஓடவில்லை. ராடை வளைத்துக் கொண்டுவரும் ஓட்டுநர்கள் தங்கள் வாய்க்குப் பயந்து அதைத் துணி போட்டு மூடித்தான் இறக்குவார்கள். “மண்ணை அள்ளச் சொன்னா மலையைத் தூக்கப் பாத்தியா? இந்தா, நேராக்கியாச்சு. அடுத்த தடவை இதோட சேத்து உன்னையும் லேத்துல மாட்டுவேன்” என்று தாங்கள் சொல்ல, அவர்கள் சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்கள். இங்கே யார் எந்த ராடைச் செப்பனிட்டாலும் அதன் முனையில் தம் எண்ணைப் பொறிப்பது வழக்கம். தங்கள் எண் முப்பத்தேழு. முப்பத்தேழைக் கண்டுவிட்டால் ஓட்டுநர்கள் மறுபேச்சில்லாமல் எந்திரத்தில் ஏறுவார்கள்.

இந்த மடலை எழுதும் பொறுப்பைச் சங்கத்தார் மிலாதினிடம் கொடுத்தார்கள். சட்டம் போட்டு மாட்டப்போவது அல்லவா, அவர் கையெழுத்து அழகாக இருக்கும். நற்குணங்களை வரிசையாக எழுதிக்கொண்டே வந்தவர், ‘தங்கள் பணியில் ஒரு பிழையும் நேர்ந்ததில்லை’ என்ற வரிக்கு வந்ததும் பேனாவை வைத்துவிட்டார். அதைக் கேட்டால் கூடத்தில் இருக்கும் எல்லாருக்கும் தங்கள் தம்பி ராதிசாவின் கால் நினைவுக்கு வரும். அந்த வரி உண்மை என்று அறிந்தவர்கள் மூன்று பேர்தான். மிலாதின், புதிமிர், ஸ்ரேதன். இனி இந்த மடலில் பேசுவது அந்த மூவர்.

அக்கா, இதற்குமேல் ‘தாங்கள்’ என்று எழுத வரவில்லை.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் இதே உணவுக்கூடத்தில், இதே மேடையில் நின்று, விசாரணைக் குழுவின் முடிவை வாசித்தார்கள். வெல்டிங் செய்தவரின் கவனக்குறைவு என்றார்கள். நீங்கள் மூன்றாம் வரிசையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அந்தச் சொல்லை இங்கே வைத்துத்தான் திரும்பப் பெற வேண்டும். அதனால்தான் இதைத் தனியே சொல்லிவிட்டுப் போகாமல் இங்கே வாசிக்கிறோம்.

நடந்தது இது. அன்று மித்ரோவ்தான், உங்கள் வீட்டுப் புனிதரின் திருநாள். அதற்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. வேண்டியவர்கள் தாமாக வந்து மேசையில் அமர்வார்கள். வீடு நிறைய விருந்தாளிகள் வரவிருந்தும் நீங்கள் விடிந்ததும் பணிமனைக்கு வந்தீர்கள். உங்கள் தம்பி ராதிசாவ் ஓட்டும் மண்வாரியின் ராடு அது. முனை வளையம் தேய்ந்து போயிருந்தது. புது வளையத்தில் உங்கள் எண்ணைப் பொறித்து, ராடைச் சூடேற்றி, அடுக்கடுக்காக வெல்டிங் நிரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் சுத்தியால் தட்டிப் பார்த்து, குறையில்லாமல் முடித்து, சுண்ணாம்புத் தூள் நிறைந்த பெட்டிக்குள் புதைத்தீர்கள். “நாளைக்குக் காலைல வரைக்கும் சுண்ணாம்பைத் தொடாதீங்க, அது தானா ஆறட்டும்” என்று எங்களிடம் சொல்லிவிட்டுப் பத்து மணிக்கு வீட்டுக்குப் போனீர்கள். மெல்ல ஆறாத வெல்டிங் ஓரத்தில் விரிசல் விடும் என்பது எங்களுக்குத் தெரியாததல்ல.

நண்பகலில் சுரங்கக் குழியிலிருந்து லாரி வந்தது. இப்போதே ராடைக் கொடுத்தால் அவர்களே மாட்டிக்கொள்வார்களாம். இல்லையென்றால் நாங்கள் மூவரும் பணிமனையை விட்டு நகராமல் இருந்து, விடிகாலையில் ஆறியதும் குழிக்குக் கொண்டுவந்து மாட்டித் தர வேண்டுமாம். அதாவது, உங்கள் வீட்டு விருந்துக்கு நாங்கள் வர முடியாது. வெட்கத்தோடு எழுதுகிறோம், அக்கா. முட்டைக்கோசு இலையில் இறைச்சியைச் சுருட்டி நீங்கள் வேகவைக்கும் சர்மாவின் வாசனை அந்த எண்ணெய் நாற்றத்திலும் எங்கள் மூக்குக்கு வந்துவிட்டது. ஸ்ரேதன் பெட்டியின் மூடியைத் தூக்கினார். புதிமிர் சங்கிலி போட்டு இழுத்தார். கையுறையோடும் பிடிக்க முடியாத சூடு. உறைபனி படிந்திருந்த வாசலில் கிடத்தினோம். அப்படியும் ஆறவில்லை என்று மிலாதின் ஈரச் சாக்கை எடுத்துச் சுற்றினார். ஆவி குபுகுபுவென்று எழுந்தது. அதை மூவரும் பார்த்துக்கொண்டுதான் நின்றோம். பிறகு லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டோம்.

இரண்டு மணிக்கு உங்கள் மேசையில் இருந்தோம். உங்கள் வீட்டுக்காரர் பிளம் சாராயம் ஊற்றித் தந்தார். ராதிசாவுக்கு மறுநாள்தான் பணி. அவர் எங்கள் பக்கத்தில் அமர்ந்து பாட்டுப் பாடினார். நாங்கள் சர்மாவை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டோம். மறுநாள் காலை காலிப் பெட்டியைப் பார்த்துவிட்டுக் கேட்டீர்கள். விடியற்காலையில் வந்து எடுத்துப் போனார்கள் என்றோம். நன்றாக ஆறியிருந்ததா என்றீர்கள். கை வைக்கும்படி இருந்தது என்றார் புதிமிர். நீங்கள் நம்பினீர்கள். நாங்கள் பொய் சொல்வோம் என்று உங்களுக்கு ஏன் தோன்றப்போகிறது?

பத்தொன்பதாம் நாள், வாளியின் பற்களைப் பார்ப்பதற்காக ராதிசாவ் இறங்கி நின்றபோது அந்த வெல்டிங் ஓரத்தில் ராடு முறிந்தது. எந்திரத்தின் கை சரிந்து விழுந்தது. இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. முறிந்த துண்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தபோது, அதில் முப்பத்தேழு என்று எல்லாரும் படிக்கும்படி இருந்தது. உங்கள் தம்பி மருத்துவமனையில் கிடந்தபடி, “விருந்து அவசரத்துல போட்டுட்டா எங்கக்கா” என்று சொன்னதை ஊரே கேட்டது. அதன்பின் அவர் உங்கள் வாசலை மிதிக்கவில்லை. ஒவ்வொரு மித்ரோவ்தானுக்கும் அவருடைய நாற்காலியைப் போட்டு வைத்தீர்கள் என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்லி நாங்கள் அறிவோம். நாங்களும் அதன்பின் உங்கள் விருந்துக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. ராதிசாவின் பக்கம் நின்று உங்கள்மேல் கோபம் கொண்டிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டீர்கள்.

விசாரணையில் நீங்கள் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. வெல்டிங் முகமூடியை ஆணியில் மாட்டிவிட்டு, அன்று முதல் லேத்தோடு நின்றுகொண்டீர்கள். வெல்டிங் மேடை எங்களுக்கு வந்தது. தலைமை வெல்டர் பதவியும் புதிமிருக்கு வந்தது. பகல் சாப்பாட்டு வேளையில், ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நீங்கள் கேட்பீர்கள்: “ஏன்டா, அன்னைக்கு எலெக்ட்ரோடு நமுத்திருந்துச்சோ? நான் சூடு போதாம ஆரம்பிச்சிட்டேனோ?” ஓர் ஆண்டல்ல, ஈராண்டல்ல. எங்களில் ஒருவராவது அப்போது வாயைத் திறந்திருக்கலாம். வாயில் இருந்ததை மென்றுகொண்டிருந்தோம். அந்தச் சாப்பாடு எப்படி இறங்கியது என்று இன்று நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது.

இந்தப் பிப்ரவரியில், மாமியாரைப் பார்க்க மருத்துவமனைக்குப் போன மிலாதின், அடுத்த அறையில் ராதிசாவைக் கண்டார். நுரையீரல் நோய் முற்றி, ஆள் பாதியாகியிருந்தார். பழைய கதைகள் பேசிக்கொண்டிருந்தபோது, “அக்கா எப்படி இருக்கா?” என்று அவராகவே கேட்டாராம். மிலாதினுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. மூடி, சங்கிலி, ஈரச் சாக்கு, எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். ராதிசாவ் திட்டவில்லை. “பதினோரு வருஷமா தப்பே பண்ணாதவ வீட்டுக்குப் போகாம இருந்திருக்கேன்” என்றார். பிறகு மிலாதினின் சட்டையைப் பிடித்து இழுத்தார். “அவளைக் கூட்டிட்டு வா. நான் கேட்டேன்னு சொல்லு. சீக்கிரம் வரச் சொல்லு.”

மிலாதின் உங்கள் தெருமுனை வரை வந்தார். வந்தவர் அங்கிருந்தே திரும்பிவிட்டார். தம்பி கூப்பிடுகிறான் என்று மட்டும் சொன்னால் ஏன் என்று கேட்பீர்கள். ஏன் என்று சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். மூவரும் கலந்து பேசிக்கொண்டு புதன்கிழமை சேர்ந்து வந்து சொல்லலாம் என்று முடிவு செய்தோம். செவ்வாய் விடிகாலையில் ராதிசாவ் போய்விட்டார். அடக்கத்தின்போது நீங்கள் கல்லறைத் தோட்டத்தின் வாசற்கதவுக்கு வெளியே, மெழுகுவத்தியைப் பற்றவைக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றீர்கள். உள்ளே போக உங்களுக்கு மனம் வரவில்லை. தலைமாட்டில் நின்று அழுதிருக்க வேண்டியவர் நீங்கள். நாங்கள்தான் உள்ளே நின்றோம். எங்களை யாரும் தடுக்கவில்லை.

இதையெல்லாம் மற்றவர்களிடம் சொன்னபோது பணிமனை இரண்டுபட்டது. “மனுஷன் போயாச்சு, இனிமே கிளறி என்னடா ஆகப்போகுது?” என்றார் கிரேன் ஓட்டும் வுயாதின். கிடங்குப் பொறுப்பாளர் மிலிவா அவரை ஒரு பார்வை பார்த்து, “போனவன் ஒருத்தன். இன்னொருத்தி இருக்கால்ல?” என்றார். அதோடு பேச்சு முடிந்தது. சுரங்கப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு மூவரும் கையொப்பமிட்டு எழுதிக் கொடுத்துவிட்டோம். வருவது வரட்டும்.

ஆகவே, அக்கா, நிறுத்திய வரியை இப்போது முடிக்கிறோம். உங்கள் பணியில் ஒரு பிழையும் நேர்ந்ததில்லை. எலெக்ட்ரோடு நமுத்திருக்கவில்லை. சூடு போதாமல் இல்லை. முப்பத்தேழாம் எண்ணில் களங்கமில்லை. எங்களை மன்னிக்குமாறு கேட்கும் துணிவு எங்களுக்கு இல்லை. மூட்டு வலியும் முதுகு வலியும் விலகி, உறக்கம் குறைவற வாய்த்து, பேரப் பிள்ளைகளின் கலகலப்பு வீட்டை நிறைக்க, இழந்த பதினோரு ஆண்டுகளுக்கும் சேர்த்து நீங்கள் நெடுநாள் வாழ வேண்டும் என்று பணிமனையார் அனைவரும் நெஞ்சார வேண்டுகிறோம். இதைச் சுவரில் மாட்டுவதும் அடுப்பில் போடுவதும் உங்கள் விருப்பம்.

உங்கள் கைப்பழக்கம் அறிந்த
பணிமனைத் தோழர்கள் நாற்பத்தோரு பேர்
அவர்களுள், பெட்டியைத் திறந்த
ஸ்ரேதன், புதிமிர், மிலாதின்

பிற்சேர்க்கை: கூட்டத்தில் எதிர்பாராமல் கேட்க வைப்பது கொடுமை என்று மிலிவா சொன்னதால், மூன்று நாள் முன்பாகவே இதன் படியைப் பெர்சிதா அக்காவிடம் கொடுத்தோம். உடை மாற்றும் அறையின் பெஞ்சில் அமர்ந்து, கண்ணாடி போட்டு, இரண்டு முறை படித்தார். நாங்கள் மூவரும் நின்றுகொண்டிருந்தோம். கூட்டத்தில் வாசிக்கலாமா என்று புதிமிர் கேட்டதற்கு, ஓர் எழுத்தும் குறைக்காமல் வாசிக்கச் சொன்னார். பிறகு மிலாதினைப் பார்த்து, தம்பி தன்னை எந்தக் கிழமை கூப்பிட்டான் என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் என்றார் மிலாதின். அக்கா தாளை நான்காக மடித்தார், மறுபடியும் பிரித்தார், மறுபடியும் மடித்தார்.

“ஞாயித்துக்கிழமை நான் வீட்டுலதான்டா இருந்தேன்” என்றார்.